தேய்ந்த பற்சக்கரங்களின் வரலாறு

ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' 1958-ல் திரைப்படமாக வந்தது. கிழவனாக நடித்த ஸ்பென்ஸர் ட்ரேஸியின் கையில் கழியில்லை, உருளையில்லை; கைநூல் மட்டுமே. ஆனால் அந்தப் படத்தில் கடலைக் கிழித்து எழும் பெருமீனின் காட்சிகளுக்குப் பயன்பட்டது கைநூலில் சிக்கிய மீனன்று. பெரு நாட்டின் கபோ பிளாங்கோவுக்கு அப்பால், 1953 ஆகஸ்ட் 4 அன்று, ஆல்ஃபிரட் கிளாஸல் கழியும் உருளையும் கொண்டு பிடித்த 1,560 பவுண்டு கருமார்லின் அது. ஏறத்தாழ 708 கிலோ. கிழவனின் மீன் இரண்டு பகல் இரண்டு இரவு இழுத்தது. கிளாஸலின் மீன் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வசப்பட்டது. நாவலைப் படமாக்கியவர்கள் தம்மையறியாமல் செய்த இந்த மாற்றம், பெருமீன் தூண்டிலின் வரலாற்றை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நாவலில் கிழவனின் உள்ளங்கையை அறுப்பது எது? மீன் அன்று, ஓடும் நூல். நூலை இறுக்கிப் பிடித்தால் அறும், தளர்த்தினால் மீன் போய்விடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த உராய்வைத் தன் தோலால் அளந்து கொடுக்கிறான் கிழவன். உருளை என்ற கருவி அந்த உராய்வைக் கையிலிருந்து எடுத்துச் சில வட்டத் தகடுகளின்மேல் ஏற்றியது. அவ்வளவுதான் அது செய்தது. அதன்பின் தோலுக்குப் பதில் தகடு தேய்ந்தது. ஆகவே பழைய உருளையைப் பிரித்துப் பார்ப்பது, யாருடைய உள்ளங்கையிலோ விழுந்திருக்க வேண்டிய காயங்களைப் பார்ப்பதாகும். (தமிழில் 'ரீல் விடுவது' என்றால் புளுகுவது. மீன் பிடித்தவர் சொல்லும் அளவைக் கேட்டவர்கள் இந்தப் பொருத்தத்தை ரசிக்கக்கூடும். ஆனால் உருளையின் உட்புறம் பொய் சொல்வதில்லை.)

கதை தொடங்கும் இடம் கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா கத்தலீனா தீவு. இயற்கையியலாளரும் எழுத்தாளருமான சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 1898 ஜூன் 1 அன்று அங்கே 183 பவுண்டு எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைக் கழியில் பிடித்தார். அதே ஆண்டில் அவலோன் நகரில் சூரைக் கழகம் பிறந்தது. கழகத்தின் விதிகள் கடுமையானவை. நூல் ஆளிநாரால் முறுக்கப்பட்ட லினனாக இருக்க வேண்டும். 24 இழைக்கு மேல் கூடாது. ஈரமான இழையொன்று ஏறத்தாழ மூன்று பவுண்டு தாங்கும் என்பது அன்றைய கணக்கு. ஆகவே 24 இழை என்றால் 72 பவுண்டு. அந்த நூலைக்கொண்டு அதைப்போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கனமான, ஓடும் மீனை வெல்ல வேண்டும்.

அன்றைய உருளைகள் அழகானவை. நியூயார்க்கின் எட்வர்ட் வோம் ஹோஃப், அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஜூலியஸ் வோம் ஹோஃப் ஆகியோரின் பட்டறைகளிலிருந்து வந்தவற்றில் பக்கத் தகடு கெட்டி ரப்பராலும், வளையங்கள் ஜெர்மன் சில்வராலும் ஆனவை. (பெயரில் மட்டும்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.) கைக்கடிகாரம்போல் நுட்பமான வேலை. ஆனால் அடிப்படையில் ஒரு கொடுமை இருந்தது. கைப்பிடி சுருளோடு நேராகப் பிணைந்திருந்தது. மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியும் பின்னோக்கி விசிறிபோல் சுழலும். விரல் அகப்பட்டால் விரல் முறியும். 'முட்டி உடைப்பான்' என்று அந்த உருளைகளுக்கு ஆங்கிலத்தில் பெயரே உண்டு. பிரேக் என்பது சுருளின்மேல் தொங்கும் ஒரு தோல் துண்டு. அதைக் கட்டைவிரலால் நூலின்மேல் அழுத்த வேண்டும். கிழவனின் உள்ளங்கை இங்கே கட்டைவிரலாகச் சுருங்கியது, எரிச்சல் நீங்கவில்லை.

இதை மாற்றியவர் வில்லியம் போஷென். கத்தலீனாவில் வாள்மீனைக் கழியில் பிடிக்கும் வெறி கொண்டவர். வாள்போல் நீண்ட மூக்குடைய அந்த மீனை அதுவரை யாரும் கழியால் பிடித்ததில்லை. கைப்பிடி பின்னோக்கித் திரும்பாமல் சுருள் மட்டும் வழுக்கிச் சுழலும்படி ஓர் உருளை வேண்டும் என்பது அவரது யோசனை. அதைச் செய்துகொடுத்தவர் ஜூலியஸ் வோம் ஹோஃப். உருளைக்கு 'பி-ஓஷன்' என்று பெயர். போஷென் என்ற பெயரையே கடலாக்கிய சிலேடை. படகோட்டி ஜார்ஜ் ஃபார்ன்ஸ்வொர்த்தின் துணையோடு 1913-ல் போஷென் 355 பவுண்டு வாள்மீனைக் கொண்டுவந்தார்.

அந்த உருளையின் உள்ளமைப்பைச் சற்று விளக்க வேண்டும். பின்னால் வரும் பழுதுகள் எல்லாம் இங்கிருந்தே கிளைக்கின்றன. கைப்பிடியோடு ஒரு குழல் சுழல்கிறது. குழலின்மேல் பெரிய பற்சக்கரம் தளர்வாக அமர்ந்திருக்கிறது. அதன் உட்குழிவில் தோல் வாஷரும் உலோக வாஷரும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. உலோக வாஷர்களில் ஒன்று குழலைப் பற்றும். அடுத்தது சக்கரத்தைப் பற்றும். வெளியே நட்சத்திர வடிவத் திருகு ஒன்று. அதைத் திருகினால் அடுக்கு முழுவதும் நெரிபடும். ஒரே அழுத்தம் ஒவ்வோர் உராய்வுப் பரப்பிலும் மீண்டும் மீண்டும் வேலை செய்வதால், விரல்நுனித் திருகல் பெருமீனை நிறுத்தும் விசையாகிறது. குழல் பின்னோக்கித் திரும்பாமல் காப்பது ஒரு சிறு தடைநாக்கு. அதற்கென உள்ள பற்களில் விழுந்து பூட்டும். ஆங்கிலத்தில் இதை 'நாய்' என்கிறார்கள். கவ்வினால் விடாது என்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும். இன்றும் நட்சத்திரத் திருகுள்ள எந்த உருளையைப் பிரித்தாலும் இதே ஏற்பாடுதான்.

லினன் நூல் பலவீனமானது. ஒவ்வொரு நாளும் கழற்றி உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். ஆகவே அந்தக் காலத்து உருளைகளில் தேய்ந்தது பெரும்பாலும் தோல் வாஷர் மட்டுமே. நூல் முதலில் அறுந்துவிடும் என்பதால், பற்சக்கரத்துக்கோ சட்டத்துக்கோ உண்மையான சோதனை வரவில்லை. என் கருத்தில் இந்த வரலாற்றின் திறவுகோல் இதுவே: உருளையில் எது தேயும் என்பதை முடிவு செய்வது மீன் அன்று, நூல். நூல் வலுக்கும் ஒவ்வொரு முறையும் உருளைக்குள் அடுத்த பலவீனமான உறுப்பு வெளிப்படுகிறது.

பிலடெல்பியாவில் ஓஷன் சிட்டி உருளை நிறுவனத்தில் வேலை செய்த ஜெர்மானியக் குடியேறி ஓட்டோ ஹென்ஸே 1932-ல் 'பென்' நிறுவனத்தைத் தொடங்கினார். பெருமந்தத்தின் நடுப்பகுதி அது. 1936-ல் வந்தது 'செனட்டர்' வரிசை. வோம் ஹோஃப் உருளை செல்வர்களின் நகை. செனட்டரோ ஒரு வாடகைப் படகுக்காரனும் வாங்கக்கூடிய கருவி. கெட்டி ரப்பர் இருந்த இடத்தில் பேக்கலைட், ஜெர்மன் சில்வர் இருந்த இடத்தில் குரோமியம் பூசிய பித்தளை. இதைவிட முக்கியமானது, உறுப்புகளுக்கு ஹென்ஸேயின் நிறுவனம் எண் கொடுத்த முறை. எந்த மாடலானாலும் தடைநாக்கு 4. பெரிய பற்சக்கரம் 5. உராய்வு வாஷர் 6. சிறு பற்சக்கரம் 13. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு, அடுத்து மாடலின் எண். 5-113 என்றால் 113-ஆம் மாடலின் பெரிய பற்சக்கரம். பெட்டிக்குள்ளேயே உறுப்புப் படமும் ஒரு சிறிய ஸ்பானரும் இருக்கும். அதாவது இந்தப் பொருள் தேயும், நீயே பிரிப்பாய் என்று செய்தவனே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்கிறான். இப்படி ஒப்புக்கொள்ளும் பொருள்கள் அருகிவிட்ட காலத்தில் இருந்துகொண்டு அந்தப் படத்தாளைப் பார்க்கையில் பொறாமையாக இருக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த செனட்டருக்கு இன்றும் உறுப்பு கிடைக்கிறதென்றால் காரணம் இந்த எண்களே. பென் நிறுவனம் 2007-ல் கைமாறியது, எண்கள் மாறவில்லை.

அடுத்து நைலான் வந்தது. டூபாண்ட் நிறுவனம் 1938-ல் அறிவித்த அந்த இழையை நம் கடற்கரையில் தங்கூசி என்பார்கள். மக்காது, உலர்த்த வேண்டாம். மீனவனுக்கு விடுதலை, உருளைக்குச் சோதனை. தங்கூசி இழுபடும்போது நீளும். நீண்ட நிலையிலேயே சுருளில் சுற்றப்படும். சுற்றிய பின் பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும். ஒரு சுற்றின் இறுக்கம் சிறிதுதான். ஆனால் பெருமீனோடு போராடி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஏறியபின் எல்லா இறுக்கமும் சேர்ந்து சுருளின் அச்சை நெரித்து, இரு பக்க விளிம்புகளையும் வெளியே தள்ளும். லினன் காலத்தில் குறையில்லாமல் உழைத்த சுருள்கள் வெடித்தன. பிளாஸ்டிக் சுருள்கள் முதலில் போயின. வெடிக்காதவை விரிந்து பக்கத் தகட்டில் உரசின. பழைய உருளையின் பேக்கலைட் உட்புறத்தில் வட்டமாக ஒரு கீறல் தெரிந்தால், அது தங்கூசி எழுதிய கையெழுத்து. அதற்கு மருந்து உலோகச் சுருள். இன்று பழைய சிறு உருளையைப் புதுப்பிப்பவர்கள் முதலில் மாற்றுவதும் அதுவே.

வசதியுள்ளவர்களுக்கு வேறு வழி முன்பே திறந்திருந்தது. 1930-களில் மயாமியில் படகுத்தலைவர் டாமி கிஃபோர்டு போன்றோரின் தூண்டுதலில் பிறந்த ஃபின்-நோர் உருளைகள் கெட்டி அலுமினியத்தில் கடைந்தவை. உள்ளே பல சிறு வாஷர்களுக்குப் பதில் ஒரே பெரிய தட்டு. பென் நிறுவனமும் 1960-களில் 'இன்டர்நேஷனல்' என்ற பொன்னிற வரிசையோடு அவ்வழிக்கு வந்தது. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. அவை பழுதாவது குறைவு. பழுதாகாத பொருளில் வரலாறும் குறைவு.

மூன்றாவது நூல் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நூல் இது. ஒரே வலுவுக்குத் தங்கூசியைவிட மிக மெல்லியது, நீளவே நீளாது. தங்கூசி நீண்டுகொடுத்தபோது மீனின் திடீர் உதறல்களை அதுவே பாதி விழுங்கிக்கொண்டது. பின்னல் நூலில் ஒவ்வோர் உதறலும் குறையாமல் பற்சக்கரத்துக்குப் போகிறது. மேலும், 40 பவுண்டு நூலுக்கென வடித்த சிறிய செனட்டரில் இப்போது 80, 100 பவுண்டு நூலை நூற்றுக்கணக்கான கெஜம் அடைக்கலாம். சிறிய உருளை, பெரிய நூல், அதைவிடப் பெரிய ஆசை. பழைய உருளைகளை மேம்படுத்தும் கைத்தொழில் இன்றைய வடிவில் வளர்ந்தது இதன் விளைவாகவே.

இப்போது ஒரு பழைய செனட்டரைத் திறப்போம். முதல் தடை, திறப்பதே. உப்பு இறுகிய திருகுகள் எளிதில் வராது. தலைக்குச் சரியாகப் பொருந்தாத திருப்புளியைப் போட்டால் பித்தளைத் தலை வழுக்கிவிடும். ஊடுருவும் எண்ணெயை ஓரிரவு ஊறவிட்டு, இலேசாகச் சூடேற்றித் திருப்ப வேண்டும். பேக்கலைட் சூட்டுக்கும் அடிக்கும் அஞ்சும். விரிசல் விட்டால் ஒட்டுவது பயனில்லை. உள்ளே பழைய கிரீஸ் பச்சை மெழுகாக இறுகியிருக்கும். பச்சை நிறம் பித்தளை உப்போடு வினைபுரிந்ததன் அடையாளம்.

பெரிய பற்சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது தெரியும். மீனை இழுத்துச் சுற்றும் திசையில் மட்டுமே சுமை விழுகிறது. தோல் வாஷர் கருத்து, கண்ணாடிபோல் வழவழத்திருக்கும். அதுதான் மோசமான நோய். நின்ற நிலையில் தோல் ஒட்டிக்கொள்ளும். மீன் ஓடத் தொடங்கும் கணத்தில் விடாது, பின் சட்டென்று விடும். நூல் அறுவது அந்தக் கணத்தில்தான். சில பழைய உருளைகளில் தோலுக்குப் பதில் கார் பிரேக்கைப்போல் கல்நார் கலந்த வாஷர்கள் இருக்கும். அவற்றை உலர்வாக உப்புத்தாளில் தேய்க்கக் கூடாது. தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

இந்த வாஷர்களுக்குப் பதில் இன்று போடுவது கரிநார் வாஷர். பென் நிறுவனமே ஹெச்டி-100 என்ற பெயரில் அதை விற்றது. மெல்லிய டெஃப்லான் கிரீஸ் பூசிப் போட்டால் சூட்டில் எரியாது, ஒட்டாது, தொடக்கத்திலிருந்து ஒரே சீராக வழுக்கும். செலவும் சொற்பம். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தோல் இருந்தபோது நட்சத்திரத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் ஓர் எல்லைக்கு மேல் பிடி ஏறாது. தோலின் பலவீனம் மற்ற உறுப்புகளுக்குக் காவலாக இருந்தது. கரிநார் அந்தக் காவலை நீக்கிவிடுகிறது. கூடிய விசை இப்போது குழலுக்குப் போகிறது. பழைய குழல் மென்பித்தளை. வாஷர்கள் பற்றும் அதன் தட்டைப் பக்கங்கள் மழுங்கி உருண்டுபோகும். குழலைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினால் சுமை தடைநாக்குக்குப் போகும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றை நாக்கு. அதைத் தள்ளுவது மயிரிழைபோன்ற ஒரு ஸ்ப்ரிங். நாக்கு நழுவினால் கைப்பிடி முழு விசையோடு பின்னோக்கிச் சுழலும். 1913-க்கு முந்தைய முட்டி உடைப்பான் ஒரு நொடியில் திரும்பி வந்துவிடும். ஆகவே இரட்டை நாக்கு பொருத்துகிறார்கள். ஒன்று தவறினால் மற்றொன்று பிடிக்கும். நாக்கும் தாங்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கம்பித் தூண்களும் சிறு திருகுகளும் பிடித்துள்ள பழைய சட்டம் வளையும்போது இரு பற்சக்கரங்களும் விலகிப் பல் தாவும். அதற்காக டிபுரான், அக்யுரேட் போன்ற நிறுவனங்கள் ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்த சட்டங்களைச் செய்தன. முடிவில் பழைய உருளையில் பழையது எது என்ற கேள்வி எழுகிறது.

இங்கே எளிய கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். திருகைத் தொடாமலே பிடி கூடும். சுருள் நிறைந்திருக்கையில் விட்டம் 10 செ.மீ., இழுவிசை 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மீன் நூலை இழுத்துப் போய் விட்டம் 5 செ.மீ. ஆனதும் அதே உராய்வு 40 பவுண்டு இழுவிசையாக மாறிவிடும். பழுதுபார்ப்பவர்கள் கடைசியில் வில்தராசு கட்டி நூல் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மட்டும் பிடி வைப்பது இதனால்தான். 1939-ல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட சர்வதேச தூண்டில்மீன் சங்கத்தின் விதிப்படி, மீனோடு போராடும்போது பிறர் எவரும் கருவியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. கடலில் உருளை கெட்டால் பக்கத்தில் நிற்கும் தேர்ந்த படகோட்டியும் கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான். பழுதைக் கரையிலேயே படித்துவிட வேண்டும்.

சேகரிப்பாளர்கள் இந்த மேம்பாடுகளை விரும்புவதில்லை. அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஜெர்மன் சில்வரைப் பளபளக்கத் தேய்த்தால் செதுக்கிய எழுத்து அழியும். தோலை எறிந்தால், அக்காலத்தார் எவ்வளவு குறைந்த பிடியோடு அவ்வளவு பெரிய மீனைப் பிடித்தார்கள் என்பதற்கான சான்று அழியும். பி-ஓஷன் ஒன்று யார் கைக்காவது கிடைத்தால் அதில் கரிநாரைத் திணிப்பது குற்றமே. ஆனால் லட்சக்கணக்கில் வார்த்த செனட்டருக்கும் இதே விதியா? உழைக்கச் செய்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும் ஒருவகை அழிவு என்பது என் எண்ணம். எங்கள் துறையில் ஒரே நூலின் வெவ்வேறு படிகளில் காணும் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவோம். திருத்திய பாடம் மேலே, விலக்கிய பாடம் கீழே; இரண்டும் வேண்டும். செனட்டருக்கும் அப்படியே செய்யலாம். கழற்றிய குழல், வழவழத்த தோல், ஒருபக்கம் தேய்ந்த சக்கரம் ஆகியவற்றை ஒரு சிறு பையிலிட்டு, எந்த மாடல், எந்த ஆண்டு மாற்றியது, எந்த நூல் சுற்றியிருந்தது என்று எழுதி உருளையோடு வைத்துவிட வேண்டும். பழைய பொருள் விற்கும் இடங்களில் இப்படிப் பையோடு வரும் உருளை அபூர்வம்.

பிரித்ததைத் திரும்பப் பூட்டும்போது எல்லா உலோகப் பரப்புக்கும் கடல்கிரீஸ் பூசுகிறார்கள். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு இறங்கும் துளைகளில் கூடுதலாக. இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் பொடியாக உதிரும். சுருளின் தாங்கிகளுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய். பூட்டி முடித்ததும் காதருகே வைத்துக் கைப்பிடியை மெதுவாகச் சுற்ற வேண்டும். நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழும் ஓசை சீராகக் கேட்க வேண்டும். ஓர் ஓசை விட்டுப்போனால் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, அந்த மயிரிழை ஸ்ப்ரிங்கை மாற்ற வேண்டும். உருளை முழுவதிலும் விலை குறைந்த உறுப்பு அதுதான்.